மடை திறந்தவர் வீட்டுக்குப் போன பிறகும் ஓடும் தண்ணீர்: வெப்சாக்கெட்டை லாகின் செஷனோடு கட்டுவது எப்படி

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் அல்வாக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடை கற்பனை, அதில் நடப்பது பல நிறுவனங்களின் மென்பொருளில் நடப்பதுதான். டவுனிலும் பாளையிலும் கிளைகள். இணையத்தில் வரும் ஆர்டர்கள் கவுண்டர் கணினியின் திரையில் தாமாகவே வந்து விழும். யாரும் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. காலை ஷிப்ட் ஆள் இரண்டு மணிக்கு லாகவுட் செய்துவிட்டுக் கிளம்புகிறார். மாலை ஷிப்ட் ஆள் அதே கணினியில், அதே திரையில், தன் பெயரில் லாகின் செய்கிறார். மேல்மூலையில் பெயர் மாறிவிட்டது. ஆனால் மூன்று மணிக்கு அவர் 'பொட்டலம் கட்டியாச்சு' என்ற பொத்தானை அழுத்தினால், அந்த அரைக் கிலோ காலை ஆளின் கணக்கில் ஏறுகிறது.

"நான் ரெண்டு மணிக்கே கெளம்பிட்டேன் அண்ணாச்சி" என்கிறார் காலை ஆள். அவர் சொல்வது பொய்யில்லை. லாகின் நிரலிலும் பிழை இல்லை, ஆர்டர் நிரலிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே யாரும் போடாமல் விட்ட ஒரு முடிச்சுதான் கோளாறு. அந்த முடிச்சு எங்கே விழவேண்டும், ஏன் அவிழ்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## மறதிக்கார எச்டிடிபி

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி என்ற முறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு கேள்வி போகும், ஒரு பதில் வரும், அத்தோடு சரி. அடுத்த கேள்வியைக் கேட்பவரும் முன்பு கேட்டவரும் ஒரே ஆள்தானா என்பது அதற்குத் தெரியாது. இந்த மறதிக்கு மருந்தாகத்தான் 1994-ல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்தார். இன்றுவரை பெரும்பாலான லாகின்கள் அந்த மருந்தில்தான் ஓடுகின்றன. மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் மீதிக் குழப்பம் பாதியாகும்.

1. செஷன்: சர்வர் வைத்திருக்கும் பேரேட்டில் ஒரு வரி. 'இந்த எண்ணுக்கு உரியவர் இன்னார், இத்தனை மணிக்கு உள்ளே வந்தார், இன்ன உரிமை உண்டு' என்று அதில் எழுதியிருக்கும்.
2. செஷன் எண்: அந்த வரியின் அடையாளம். யாரும் ஊகிக்க முடியாதபடி நீளமான, தற்போக்கான எழுத்துச் சரம்.
3. குக்கீ: அந்த எண்ணைப் பிரவுசர் மடியில் முடிந்து வைத்திருக்கும் சீட்டு. ஒவ்வொரு கேள்வியின்போதும் பிரவுசர் அதைத் தானே எடுத்து நீட்டும்.

ஆக, பிரவுசரிடம் இருப்பது சீட்டு மட்டுமே, பேரேடு சர்வரிடம். லாகவுட் என்றால் பேரேட்டு வரியை அடிப்பது. சீட்டைக் கிழிப்பது அதற்குத் துணை வேலைதான். (சில கட்டமைப்புகள், அதாவது நிரல் எழுத உதவும் 'ஃபிரேம்வொர்க்'குகள், பேரேடே இல்லாமல், முழு விவரத்தையும் கையொப்பமிட்டுச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடும். பைத்தான் மொழியின் பிளாஸ்க் இயல்பாகச் செய்வது அதைத்தான். அங்கே அடிப்பதற்கு வரி கிடையாது. பின்னால் இது தலைவலி தரும்.)

## குடமும் கால்வாயும்

எச்டிடிபி, ஆற்றுக்குக் குடத்தோடு போய் வருவது போல. ஒவ்வொரு தடவையும் படித்துறையில் சீட்டைக் காட்டவேண்டும். வெப்சாக்கெட் என்பது பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே திறந்தே இருக்கும் இணைப்பு; இரு பக்கமும் நினைத்தபோது செய்தி அனுப்பலாம். அது கால்வாய்க்கு மடை திறப்பது போல. பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாயும் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயும் பிரிகின்றன. வயலுக்கு மடை திறக்கும்போது நீர்பாய்ச்சி 'இது யாருடைய முறை?' என்று ஒரு தடவை கேட்பார். திறந்த பிறகு ஓடும் தண்ணீரின் ஒவ்வொரு சொட்டிடமும் யாரும் முறை கேட்பதில்லை.

வெப்சாக்கெட் 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டது. அதில் மடை திறப்புக்கு 'ஹேண்ட்ஷேக்' என்று பெயர், அதாவது கைகுலுக்கல். அது இப்படி நடக்கிறது:

1. பிரவுசர் சாதாரண எச்டிடிபி 'கெட்' கேள்வி ஒன்றை அனுப்புகிறது. அதில் 'அப்கிரேட்: வெப்சாக்கெட்' என்ற ஹெடர், அதாவது கேள்வியின் தலையில் வரும் குறிப்பு வரி, இருக்கும். 'இந்தப் பேச்சை வேறு முறைக்கு மாற்றிக்கொள்ளலாமா?' என்பது அதன் பொருள்.
2. கூடவே பதிப்பு எண் 13, 16 பைட் தற்போக்கு எண்ணிலிருந்து செய்த ஒரு 'கீ', எந்தத் தளத்திலிருந்து கேட்கிறது என்று சொல்லும் 'ஆரிஜின்' ஹெடர், அந்த முகவரிக்கு உரிய குக்கீகள் ஆகியவையும் போகும்.
3. சர்வர் ஒப்புக்கொண்டால் 101 என்ற எண்ணோடு பதில் சொல்லும். அந்த நொடியில் எச்டிடிபி முடிந்தது. அடியில் ஓடும் அதே டிசிபி இணைப்பில் இனி இருபுறமும் 'ஃபிரேம்' எனப்படும் சிறு பொதிகள்தான் ஓடும்.

ஃபிரேம்களில் எச்டிடிபி ஹெடர் கிடையாது, குக்கீயும் கிடையாது. இணைப்பு ஐந்து மணி நேரம் திறந்திருந்தாலும் சர்வர் சீட்டைப் பார்த்தது முதல் நொடியில் மட்டும்தான். அல்வாக் கடைக் குழப்பம் இங்கேதான் முளைக்கிறது.

இரண்டாம் வரியில் வரும் 'கீ' பலரை ஏமாற்றும். சாவி என்று பெயர் இருப்பதால் அது பயனரின் அடையாளம் என்று எண்ணிவிடுகிறார்கள். அதற்கும் லாகினுக்கும் சம்பந்தமே இல்லை. எதிரில் இருப்பது வெப்சாக்கெட் தெரிந்த சர்வர்தான், இடையில் ஏதோ ஒரு பழைய பதிலைத் திருப்பித் தரும் பெட்டி இல்லை என்று பிரவுசர் உறுதி செய்துகொள்ளும் சடங்கு அது. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பயனரை எப்படி அடையாளம் காண்பது என்பதை அந்த ஆவணம் வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறது. குக்கீ, எச்டிடிபி அடையாளச் சோதனை, டிஎல்எஸ் சான்றிதழ் என்று சாதாரண சர்வரால் எது முடியுமோ அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. அதாவது முடிச்சு போடும் பொறுப்பு முழுக்க நிரல் எழுதுபவர் தலையில்.

## முடிச்சு விழும் இடம்

தளமும் வெப்சாக்கெட் சர்வரும் ஒரே டொமைனில் இருந்தால் முதல் முடிச்சு எளிது. ஹேண்ட்ஷேக் கேள்வி வந்ததும், 101 சொல்வதற்கு முன்னால்:

1. குக்கீயிலிருந்து செஷன் எண்ணை எடு. அதில் கையொப்பம் இருந்தால் சரிபார்.
2. பேரேட்டில் தேடு. வரி இல்லை, அல்லது காலாவதி என்றால் இணைப்பை மறு.
3. வரி இருந்தால் பயனர் எண்ணையும் செஷன் எண்ணையும் இணைப்போடு சேர்த்து எழுதி வை.
4. எதிர்த்திசையிலும் எழுதி வை: இந்தச் செஷனுக்கு இந்த இந்த இணைப்புகள்.

முதல் மூன்றையும் எல்லோரும் செய்கிறார்கள். நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'யார் பேசுகிறார்?' என்று கேட்கும்போது மூன்றாவது போதும். 'இவர் வெளியே போய்விட்டார், இவர் திறந்து வைத்த மடைகள் எவை?' என்று கேட்கும்போது நான்காவது இல்லாமல் பதில் கிடையாது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பயனருக்கு ஒரு செஷன், ஒரு செஷனுக்கு ஓர் இணைப்பு என்று எண்ணித் தரவுத்தளத்தில் ஒற்றைக் கட்டம் ஒதுக்குபவர்கள் உண்டு. ஒருவர் செல்பேசியிலும் கணினியிலும் நுழைந்தால் செஷன் இரண்டு. கணினியில் மூன்று டேப் திறந்தால் அந்த ஒரு செஷனுக்கே இணைப்பு மூன்று. ஒற்றைக் கட்டத்தில் எழுதினால் கடைசியாகத் திறந்த டேபுக்கு மட்டும் செய்தி போகும், மற்றவை ஊமையாக நிற்கும்.

இரண்டாம் படியில் 'மறு' என்றேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹேண்ட்ஷேக்கிலேயே 401 (எச்டிடிபியில் 'அடையாளம் சரியில்லை' என்ற எண்) சொல்லி மறுப்பதுதான் சுத்தமான வழி. ஆனால் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அந்த 401 கண்ணில் படாது. 'இணைப்பு முறிந்தது, குறியீடு 1006' என்று மட்டும் தெரியும். நெட் போனாலும் அதே 1006 தான். லாகின் பக்கத்துக்கு அனுப்புவதா, மறுபடி முயல்வதா என்று பக்கத்துக்குப் புரியாது. அதனால் சிலர் முதலில் 101 சொல்லி ஏற்றுக்கொண்டு, உடனே காரணக் குறியீட்டோடு மூடுகிறார்கள். 1008 என்றால் விதிமீறல். 4000 முதல் 4999 வரை அவரவர் சொந்தப் பயன்பாட்டுக்கு. பொதுமக்கள் பயன்படுத்தும் திரைக்கு இரண்டாவது வழிதான் வசதி. ஆனால் மூடும்வரை அந்த இணைப்பிலிருந்து ஒரு ஃபிரேமைக்கூட நம்பிச் செயல்படக் கூடாது.

## குக்கீ ஏன் வந்து சேரவில்லை?

'லாகின் செய்துவிட்டேன், பக்கம் வேலை செய்கிறது, ஆனால் வெப்சாக்கெட் பக்கம் நான் யாரோ எவரோ' என்பதுதான் பழகுநர்கள் அதிகம் சொல்லும் புகார். காரணங்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

முதலாவது, பெயர் மாற்றம். சொந்தக் கணினியில் சோதிக்கும்போது பக்கத்தை லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் திறந்துவிட்டு, சாக்கெட்டை 127.0.0.1 என்ற எண்ணில் திறப்பது. இரண்டும் ஒரே கணினிதான். ஆனால் பிரவுசருக்கு இரண்டு வெவ்வேறு வீடுகள். ஒன்றின் சீட்டை மற்றதில் காட்டாது. போர்ட் எண் மாறினால் மட்டும் பரவாயில்லை. குக்கீ போர்ட்டைப் பார்ப்பதில்லை. பெயர் மாறினால்தான் போச்சு. தலையைப் பிய்த்துக்கொண்ட பல மாலைப்பொழுதுகளுக்குக் காரணம் இந்த ஒரு வரிதான் என்பது என் கணிப்பு.

அடுத்தது, துணை டொமைன். கடைத் தளம் ஒரு பெயரிலும், சாக்கெட் சர்வர் 'லைவ்' என்று தொடங்கும் துணைப் பெயரிலும் இருந்தால், குக்கீயில் டொமைன் குறிப்பிடாதபோது அது முதல் பெயருக்கு மட்டுமே போகும். பொது டொமைனைக் குறித்தால் எல்லாத் துணைப் பெயர்களுக்கும் போகும். அப்போது ஏதோ ஒரு மூலையில் ஓடும் பழைய சோதனைத் தளத்துக்கும் சீட்டு போகும் என்பதை மறக்கக் கூடாது.

'செக்யூர்' என்று குறித்த குக்கீ, குறியாக்கம் இல்லாத டபிள்யூஎஸ் முகவரிக்குப் போகாது. குறியாக்கம் உள்ள டபிள்யூஎஸ்எஸ் முகவரி வேண்டும். 'எச்டிடிபி-ஒன்லி' என்று குறித்த குக்கீயை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாது. ஆனால் ஹேண்ட்ஷேக்கில் பிரவுசர் அதைத் தானே அனுப்பும். இது தெரியாமல், செஷன் எண்ணைப் படித்து முதல் செய்தியில் அனுப்பவேண்டும் என்பதற்காக அந்தப் பாதுகாப்பையே கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வாசலில் திருடன் நுழையக் கூடாது என்று போட்ட தாழ்ப்பாளை, நாம் நுழைய வசதியாக இல்லை என்று பெயர்ப்பது போலத்தான் அது.

கடைசியாக, நடுவில் என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலை சர்வர். அப்கிரேட் ஹெடரைப் பின்னால் கடத்தச் சொல்லி அதற்குத் தனியாக எழுதவேண்டும். எழுதாவிட்டால் ஹேண்ட்ஷேக்கே நடக்காது. இதைக் குக்கீக் கோளாறு என்று எண்ணித் தேடினால் விடியாது.

## குக்கீ ஒத்துவராத இடத்தில்

சாக்கெட் சர்வர் முற்றிலும் வேறு டொமைனில் இருந்தால், அல்லது லாகினே டோக்கன் முறையில் (குக்கீக்குப் பதில், சர்வர் கொடுத்த அடையாளச் சரத்தைப் பக்கத்தின் நிரலே எடுத்துக் காட்டுவது) இருந்தால், வேறு வழி வேண்டும். சாதாரணக் கேள்விகளில் 'ஆதரைசேஷன்' ஹெடரில் டோக்கனை வைப்போம். பிரவுசரின் வெப்சாக்கெட் கருவியில் அதற்கு இடம் இல்லை. முகவரியும், இணைப்பில் எந்த வகைப் பேச்சு நடக்கும் என்று சொல்லும் துணைமுறைப் பட்டியலும் மட்டுமே கொடுக்கலாம். செல்பேசிச் செயலியிலும் சர்வர் பக்க நிரலிலும் ஹெடர் வைக்கலாம் என்பதால், அங்கே சோதித்துவிட்டுப் பிரவுசரில் முட்டி நிற்பது வழக்கம். பிரவுசருக்கு இருக்கும் வழிகள்:

1. முகவரியின் வாலில் டோக்கனை ஒட்டுவது. எளிது, ஆனால் முகவரிகள் சர்வர் பதிவேடுகளில் அப்படியே எழுதப்படும். பதிவேட்டைப் பார்க்க முடிந்த எவரும் அந்த டோக்கனால் உள்ளே நுழையலாம். நீண்ட ஆயுள் உள்ள டோக்கனுக்கு இது கூடாத வழி.
2. துணைமுறைப் பட்டியலில் டோக்கனை ஒளித்து அனுப்புவது. வேலை செய்யும். ஆனால் ஒரு காரியத்துக்கு வைத்த பெட்டியில் வேறு பொருளைத் திணிப்பது. பின்னால் வருபவருக்குப் புரியாது.
3. இணைப்பைத் திறந்தபின் முதல் செய்தியாக டோக்கனை அனுப்புவது. நல்ல வழி. ஆனால் பெயர் சொல்லாமலேயே ஆயிரம் இணைப்புகளைத் திறந்து சும்மா வைத்திருக்க எவராலும் முடியும். சில விநாடிகளுக்குள் டோக்கன் வராவிட்டால் மூடு என்ற கெடு கட்டாயம்.
4. ஒருதடவைச் சீட்டு. பக்கம் முதலில் சாதாரண எச்டிடிபி கேள்வியில், லாகின் அடையாளத்தோடு, 'சாக்கெட் திறக்க ஒரு சீட்டு கொடு' என்று கேட்கிறது. சர்வர் அரை நிமிடம், ஒரு நிமிடம் மட்டும் செல்லும் எண் ஒன்றைக் கொடுக்கிறது. அதை முகவரியின் வாலில் ஒட்டித் திறக்கலாம். ஒருமுறை பயன்பட்டதும் சீட்டு செத்துவிடும். பதிவேட்டில் எழுதப்பட்டாலும் பயனில்லை.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் முதல் வழியின் வசதியும் மூன்றாவதன் பத்திரமும் சேர்ந்து வருகின்றன.

## அடுத்தவன் உன் சீட்டில் திறக்கும் மடை

குக்கீ முறைக்கு ஒரு பழைய வியாதி உண்டு. பிரவுசர் சீட்டைத் தானே நீட்டும் என்றோம். யார் கேட்கச் சொன்னாலும் நீட்டும். கடை ஊழியர் லாகின் செய்திருக்கும் நேரத்தில், அதே பிரவுசரில் வேறொரு கெட்ட தளத்தைத் திறக்கிறார் என்று கொள்வோம். அந்தத் தளத்தின் நிரல் கடையின் சாக்கெட் முகவரிக்கு இணைப்பு கேட்கிறது. சாதாரணக் கேள்வியாக இருந்தால், அந்நியத் தளத்துக்குப் பதிலைப் படிக்க விடாமல் பிரவுசர் தடுக்கும். வெப்சாக்கெட்டுக்கு அந்தத் தடுப்பு கிடையாது. இணைப்பு திறக்கும், ஊழியரின் குக்கீயோடு. ஆர்டர்களை அந்தத் தளம் படிக்கலாம். ஊழியர் பெயரில் செய்தியும் அனுப்பலாம். பாதுகாப்பு ஆய்வாளர் கிறிஸ்டியன் ஷ்னைடர் 2013-ல் இதற்கு 'கிராஸ்-சைட் வெப்சாக்கெட் ஹைஜாக்கிங்' என்று பெயரிட்டு விளக்கினார்.

மருந்து, ஆரிஜின் ஹெடரைப் பார்ப்பது. பிரவுசரில் ஓடும் நிரலால் அதைப் பொய்யாக எழுத முடியாது. நம் தளங்களின் பட்டியலில் இல்லாத ஆரிஜின் வந்தால் மறுக்கவேண்டும். 'பிரவுசருக்கு வெளியே ஒரு நிரல் எழுதி ஆரிஜினைப் பொய்யாக வைக்கலாமே' என்று சிலர் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அந்த நிரலிடம் ஊழியரின் குக்கீ இருக்காது. சீட்டு இருப்பது ஊழியரின் பிரவுசரில். அதற்குள்தான் இந்தத் திருட்டு நடந்தாக வேண்டும்.

குக்கீ வேறு தளத்திலிருந்து கிளம்பும் கேள்விகளோடு போகலாமா என்று சொல்வது 'சேம்சைட்' குறிப்பு. 2020 முதல் குரோம், அந்தக் குறிப்பு இல்லாத குக்கீகளை அந்நியத் தளத்திலிருந்து கிளம்பும் இத்தகைய கேள்விகளோடு அனுப்பாமல் தடுக்கத் தொடங்கியது. பெரிய உதவிதான். ஆனால் எல்லாப் பிரவுசர்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை. தவிர, சேம்சைட்டுக்குத் துணை டொமைன்கள் எல்லாம் ஒரே குடும்பம். மேலே சொன்ன பழைய சோதனைத் தளம் கெட்டுப்போனால் அங்கிருந்து திறக்கலாம். குக்கீயில் சேம்சைட்டை வெளிப்படையாகக் குறியுங்கள், ஆரிஜினையும் பாருங்கள்.

## முடிச்சு அவிழும் நேரங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் மடை திறக்கும் நொடியைப் பற்றி. அதைச் சரியாகச் செய்தவர்கள்கூட அல்வாக் கடைக் குழியில் விழுகிறார்கள். காரணம், செஷனுக்கு ஓர் ஆயுள், இணைப்புக்கு வேறோர் ஆயுள். ஒன்று முடிந்ததை மற்றதுக்கு யாரும் சொல்லாவிட்டால் தெரியாது.

லாகவுட். கடைத் திரை ஒற்றைப் பக்கச் செயலியாக எழுதப்பட்டது. லாகவுட் பொத்தானை அழுத்தினால் பின்னணியில் ஒரு கேள்வி போய் செஷன் அழிகிறது. பக்கம் மறுபடி ஏற்றப்படுவதில்லை. பக்கம் முழுதாக ஏற்றப்பட்டிருந்தால் பழைய சாக்கெட் தானாகச் செத்திருக்கும். ஏற்றப்படவில்லை, ஆகவே காலை ஆளின் பெயர் எழுதிய அதே இணைப்பு மாலையிலும் ஓடியது. பக்கத்தின் நிரல் லாகவுட்டின்போது சாக்கெட்டை மூடவேண்டும். அது நாகரிகம், பாதுகாப்பு ஆகாது. சர்வர்தான், செஷனை அழிக்கும் அதே இடத்தில், நான்காம் படியில் எழுதிய குறிப்பைப் பார்த்து அந்தச் செஷனின் எல்லா இணைப்புகளையும் மூடவேண்டும்.

லாகினுக்கு முன்பே திறந்த சாக்கெட். தளத்துக்குள் வந்தவுடன் பெயர் தெரியாத விருந்தாளியாகச் சாக்கெட் திறக்கிறது. பிறகு பயனர் லாகின் செய்கிறார். இணைப்புக்கு அவர் இன்னும் விருந்தாளிதான். லாகினின்போது செஷன் எண்ணையே மாற்றுவது நல்ல வழக்கம். பழைய எண்ணை வேறு யாராவது முன்பே திணித்து வைத்திருந்தால் அது செல்லாமல் போகும். ஆனால் சாக்கெட் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வழி ஒன்றுதான்: லாகின் முடிந்ததும் மூடித் திற.

உரிமை மாற்றம். முதலாளி ஒருவரைக் கணக்குப் பார்க்கும் வேலையிலிருந்து நீக்குகிறார், கடவுச்சொல் மாற்றப்படுகிறது. இணைப்போடு எழுதி வைத்த உரிமை பழையது. காசு, கணக்கு, தனிப்பட்ட விவரம் தொடும் செய்திகளுக்கு, ஒவ்வொரு செய்தியின்போதும் பேரேட்டைப் பார்ப்பதே சரி. சாதாரணச் செய்திகளுக்கு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எல்லாவற்றுக்கும் பார்த்தால் சர்வர் தள்ளாடும், எதற்கும் பாராவிட்டால் நம்பிக்கை போகும்.

சும்மா இருந்தால் காலாவதி. பல தளங்களில் இருபது, முப்பது நிமிடம் கேள்வி எதுவும் வராவிட்டால் செஷன் முடியும். பயனர் சாக்கெட் வழியாக ஒரு மணி நேரமாக மும்முரமாக வேலை செய்கிறார். எச்டிடிபி கேள்வி ஒன்றும் இல்லை. பேரேட்டுக்கு அவர் தூங்குகிறார், கணக்கு முடிந்தது. இதற்கு அவசரப்பட்டு 'எந்த ஃபிரேம் வந்தாலும் செஷனை நீட்டு' என்று எழுதினால் எதிர்த் தவறு: இயந்திரம் தானாக அனுப்பும் துடிப்புச் செய்திகளால் செஷன் சாகாமலே கிடக்கும், கவுண்டர் கணினியை விட்டுவிட்டு ஆள் டீ குடிக்கப் போனாலும் வாசல் திறந்திருக்கும். மனிதர் செய்த செயலுக்கு மட்டும் நீட்டவேண்டும். இன்னொரு இடைஞ்சல்: ஃபிரேம் வழியாகப் புதிய குக்கீ கொடுக்க முடியாது. குக்கீயின் தேதியையும் நீட்ட வேண்டுமானால் ஒரு சின்ன எச்டிடிபி கேள்வி போயாக வேண்டும்.

பேரேடே இல்லாத லாகின். கையொப்பமிட்ட டோக்கனில் காலாவதி நேரம் எழுதியிருக்கும். ஹேண்ட்ஷேக்கில் அதைச் சரிபார்த்துவிட்டு மறந்துவிட்டால், பதினைந்து நிமிட டோக்கன் பதினைந்து மணி நேர இணைப்பாகிவிடும். காலாவதி நேரத்தை இணைப்போடு எழுதி, அந்த நேரத்தில் மூட அலாரம் வைக்கவேண்டும்; அல்லது அதற்குள் புதிய டோக்கனைச் செய்தியாக வாங்கிக்கொள்ளவேண்டும்.

## சர்வர் ஒன்றுக்கு மேல் போனால்

ஆனித் தேரோட்டத்தின்போது கூட்டம் தாங்காமல் கடை இரண்டாவது சர்வரைச் சேர்க்கிறது. காலை ஆளின் சாக்கெட் முதல் சர்வரில். அவர் லாகவுட் கேள்வி போய்ச் சேர்ந்தது இரண்டாவதில். இரண்டாவது சர்வர் பேரேட்டு வரியை அழித்துவிட்டது. ஆனால் மூடவேண்டிய இணைப்பு அதன் கையில் இல்லை. செஷன் பேரேடு பொது இடத்தில் இருக்கவேண்டும். கூடவே 'இந்தச் செஷன் முடிந்தது' என்று எல்லாச் சர்வர்களுக்கும் தண்டோரா போடும் ஏற்பாடும் வேண்டும். சர்வர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் தரவுக் கிடங்கான ரெடிஸின் 'பப்ளிஷ்-சப்ஸ்கிரைப்' வசதியைப் பலர் இதற்கு வைத்துக்கொள்கிறார்கள். தண்டோரா காதில் விழாமல் போகலாம் என்பதால், மேலே சொன்ன நிமிடத்துக்கொருமுறை சரிபார்ப்பையும் விட்டுவிடக் கூடாது.

## செத்தும் சாகாத இணைப்புகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பல இடங்களில் மின்சாரமும் செல்பேசி சிக்னலும் போயின. அப்படி நெட் சட்டென்று அறுந்தால் எந்தப் பக்கமும் 'மூடுகிறேன்' என்று சொல்வதில்லை. சர்வர் அந்த இணைப்பு உயிரோடு இருப்பதாகவே வெகுநேரம் எண்ணிக்கொண்டிருக்கும். 'இன்னார் ஆன்லைனில் இருக்கிறார்' என்ற பச்சைப் புள்ளி பொய் சொல்லும். இதற்காகவே வெப்சாக்கெட்டில் 'பிங்', 'பாங்' ஃபிரேம்கள் இருக்கின்றன. சர்வர் பிங் அனுப்பும். பிரவுசர் தானாகப் பாங் சொல்லும். இரண்டு முறை பதில் இல்லையென்றால் மூடிவிட்டு நான்காம் படிக் குறிப்பிலிருந்தும் அடித்துவிடலாம். என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடி அமைதியாக இருக்கும் இணைப்பை அறுத்துவிடும் என்பதால், பிங் இடைவெளி அதற்குக் குறைவாக இருப்பது நல்லது.

சிக்னல் திரும்பியதும் எல்லாப் பிரவுசர்களும் ஒரே நொடியில் மறுபடி இணையப் பாயும். ஒவ்வொன்றுக்கும் பேரேட்டுத் தேடல் வேறு. காத்திருப்பை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கி, கொஞ்சம் தற்போக்கும் கலந்தால் நெரிசல் பரவும். மறுஇணைப்பு என்பது புதிய ஹேண்ட்ஷேக். பழைய இணைப்பில் இருந்த அடையாளத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாமல், சீட்டைப் புதிதாகப் பார்க்கவேண்டும்.

## கட்டமைப்புகள் எவ்வளவு செய்து தரும்?

ஜாங்கோ சேனல்ஸ், ஹேண்ட்ஷேக் குக்கீயிலிருந்து பயனரைத் தேடி இணைப்போடு வைத்துத் தரும். ஆரிஜின் சோதனைக்கும் உறை உண்டு, ஆனால் அதை நாம்தான் போர்த்தவேண்டும். பிளாஸ்க்-சாக்கெட்ஐஓ, இணையும் நேரத்து செஷனை நகல் எடுத்துக்கொள்கிறது. பிறகு எச்டிடிபி பக்கம் என்ன மாறினாலும் நகலுக்குத் தெரியாது. நோடில் எக்ஸ்பிரஸ் செஷனைச் சாக்கெட்ஐஓவோடு சேர்த்தால் கைக்குக் கிடைப்பது ஹேண்ட்ஷேக் நேரத்து செஷன். புதிய நிலை வேண்டுமானால் மறுபடி ஏற்றச் சொல்லிக் கேட்கவேண்டும். பிஎச்பி-யில் கோப்பு வழி செஷனைத் திறந்தால் பூட்டு விழும். நீண்ட நேரம் ஓடும் நிரல் படித்த உடனே செஷனை மூடாவிட்டால், அதே பயனரின் மற்றப் பக்கங்களெல்லாம் வரிசையில் காத்து நிற்கும். நான்கிலும் பொதுவானது: திறக்கும் நொடியைக் கட்டமைப்பு பார்த்துக்கொள்கிறது; மூடும் நொடி நம் பாடு.

## சோதித்துப் பார்க்க

1. ஒரே பிரவுசரில் இரண்டு டேப் திறந்து, ஒன்றில் லாகவுட் செய்யுங்கள். மற்ற டேபின் சாக்கெட் சில விநாடிகளில் மூடவேண்டும்.
2. லாகவுட் செய்துவிட்டு, பக்கத்தைப் புதுப்பிக்காமல் வேறு பெயரில் லாகின் செய்து ஒரு செய்தி அனுப்புங்கள். சர்வர் பதிவேட்டில் எந்தப் பெயர் ஏறுகிறது?
3. சொந்தக் கணினியில் வேறு பெயரில் ஒரு வெற்றுப் பக்கம் செய்து, அங்கிருந்து உங்கள் சாக்கெட்டைத் திறக்க முயலுங்கள். மறுப்பு வரவேண்டும்.
4. பேரேட்டு வரியைக் கையால் அழித்துவிட்டு, திறந்திருக்கும் சாக்கெட்டில் கணக்குத் தொடர்பான செய்தி ஒன்றை அனுப்புங்கள்.
5. கணினியின் நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பச்சைப் புள்ளி எத்தனை விநாடியில் அணைகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அல்வாக் கடையில் அதை யாராவது ஒரு தடவை செய்திருந்தால், அரைக் கிலோ சரியான பெயரில் ஏறியிருக்கும்.